காத்திருக்கும் நாட்கள்

வாய்ப் புற்றுநோய் என்று வைத்தியர் கூறியபின், கதிர்ச் சிகிச்சைக்குத் திகதி கிடைக்கும்வரை உள்ள வாரங்களிலேயே நம் கிராமத்தவர் சிலர் மனம் தளர்ந்து நின்றுவிடுவதைக் காண்கின்றோம். தெல்லிப்பளையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டதால் மகரகமவுக்கு அலைவது வடக்கில் பலருக்குக் குறைந்தது. ஆயினும் காத்திருப்பு உண்டு. அதனை வீணான காலமெனக் கருதலாகாது. பழுதான பற்களைக் கதிருக்கு முன்னரே பிடுங்க நேரும். அந்தப் புண் ஆறவே இரண்டு மூன்று வாரம் செல்லும். வெற்றிலை, புகையிலையை அன்றே விடவேண்டும். மெலிந்த உடல் சிகிச்சையைத் தாங்காது. கஞ்சியோ முட்டையோ, விழுங்கக்கூடியதை அடிக்கடி கொடுப்போம். எண்ணெய் பூசினால் கரையும் என்று வரும் உறவினருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம். திகதி பிந்தினால் கிளினிக் கொப்பியோடு போய்க் கேட்க, பயந்திருப்பவரால் தனியே இயலாது. நமது மாதர் சங்கங்கள் பஸ் காசும் துணைக்கு ஓர் ஆளும் கொடுக்குமா?