பாட்டில் ஊற்றினால் மைலேஜ் கூடுமா?

பொங்கல் லீவுக்கு ஒட்டன்சத்திரத்தில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். என் மாமா அங்கே ஒரு டீசல் பிக்கப் வைத்திருக்கிறார். மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகத் திருச்சூருக்கு லோடு அடிப்பதுதான் பிழைப்பு. வண்டிக்கு இன்னும் இரண்டு வருஷ தவணை பாக்கி இருக்கிறது. ஒரு நாள் நானும் கூடப் போனேன். பங்க்கில் டீசல் போடுவதற்கு முன்னால் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து டேங்க்கில் கவிழ்த்தார்.

"இது என்ன மாமா?"

"இன்ஜினுக்கு டானிக் மாப்ள. மைலேஜ் கூடும், பம்ப் தேயாது. வீடியோவுலயே காட்டுறான் பாரு."

பாட்டில் 350 ரூபாய். ஒவ்வொரு டேங்க்குக்கும் ஒன்று. மாதம் பத்து டேங்க் என்றால் 3,500 ரூபாய். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன் (அரியர் இல்லாமல், நம்புங்கள்!). அதனால் வழியெல்லாம் இதே யோசனை. இந்தக் காசு தேவையா?

முதலில் வெறும் கணக்கு. 50 லிட்டர் டீசல், லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 4,500 ரூபாய். 350 ரூபாய் அதில் கிட்டத்தட்ட 8 சதவீதம். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தருகிற வண்டி 14ஐத் தாண்டினால்தான் போட்ட காசே திரும்பும். லாபம் அதற்கும் மேலே.

"எரியாத டீசலையும் எரிய வைக்கும்" என்று பாட்டிலில் எழுதியிருந்தது. நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜினுக்குள் போகும் எரிபொருளில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. நாம் இழப்பதெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போகிற வெப்பம். எந்த பாட்டிலும் அதைப் பிடித்து வைக்காது. மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு சதவீதத்தை முழுசாக எரித்தாலும் 8 எங்கிருந்து வரும்?

சரி, அப்படியென்றால் அடிட்டிவ் எல்லாமே ஏமாற்றா? இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மாமா காட்டிய வீடியோவில் ஓடியது ஒரு அமெரிக்க பிக்கப். அந்த ஊர்க்காரர்கள் ஊற்றுவதற்குக் காரணம் இருக்கிறது.

டீசலில் உள்ள கந்தகத்தைக் குறைக்கும்போது அதோடு அதன் வழவழப்பும் போய்விடுகிறது. டீசல் பம்ப்புக்குத் தனி ஆயில் கிடையாது. பெரும்பாலான பம்ப்புகளில் டீசலேதான் ஆயில். 1991ல் சுவீடன் கந்தகம் மிகக் குறைந்த டீசலைக் கொண்டுவந்தபோது பம்ப்புகள் தேய்ந்து போக ஆரம்பித்தன. அதற்கு மருந்தாக வந்ததுதான் வழவழப்பைக் கூட்டும் அடிட்டிவ். இன்றைக்குச் சுத்திகரிப்பு ஆலைகளிலேயே, பத்து லட்சத்தில் சில நூறு பங்கு என்கிற அளவில் அதைக் கலக்கிறார்கள். போதுமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு சின்ன இரும்புக் குண்டை டீசலுக்குள் வைத்துத் தகட்டில் தேய்ப்பார்கள். குண்டில் விழும் தேய்மானத் தழும்பை அளப்பார்கள். தழும்பு சின்னதாக இருந்தால் டீசல் நல்லது.

அமெரிக்காவில் இந்தத் தழும்பு 520 மைக்ரான் வரை இருக்கலாம். ஐரோப்பாவில் 460தான். ஒரு குறிப்பிட்ட மாடல் உயர் அழுத்த பம்ப் அமெரிக்க டீசலுக்குத் தாங்கவில்லை என்று அங்கே பிக்கப் சொந்தக்காரர்கள் கோர்ட் வரை போனார்கள். அடுத்தது சீட்டேன் எண், அதாவது டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு. அமெரிக்காவில் குறைந்தபட்சம் 40. அதோடு குளிரில் டீசல் மெழுகாகக் கட்டிக்கொள்ளும் பிரச்சினை வேறு. ஆக அங்கே ஒருவர் பாட்டில் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நம் ஊர் கதை என்ன? 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுக்க பிஎஸ்-6 டீசல். கந்தகம் 10 பிபிஎம்முக்கு மேல் கூடாது. ஆனால் தழும்பு அளவு 460, ஐரோப்பா மாதிரி. சீட்டேன் குறைந்தபட்சம் 51. குளிருக்கு லடாக்கில் தேவைதான். அங்கே 2019ல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் தனி டீசலே கொண்டுவந்தது. ஒட்டன்சத்திரத்தில் மார்கழியில் நமக்குத்தான் குளிரும், டீசலுக்குக் குளிராது :-)

அதாவது அந்த பாட்டில் எந்தக் குறையைச் சரிசெய்ய வந்ததோ, அந்தக் குறை நம் டீசலில் இல்லை. அடுத்தவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை வைத்து நாம் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்ஜெக்டரில் அழுக்கு படிந்து புகை கக்கும் பழைய வண்டிக்கு நல்ல கிளீனர் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. அது இழந்த மைலேஜைக் கொஞ்சம் திருப்பித் தரும். இல்லாத மைலேஜைத் தராது. எப்போதாவது ஒரு தடவை போதும், டேங்க்குக்கு ஒன்று வேண்டாம். டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிஎஸ்-6 வண்டியின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரி என்றால் அது தானே எரித்துக்கொள்ளும். ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது, அது அங்கேயே தங்கி அடைக்கும். அந்த வடிகட்டியின் விலையைக் கேட்டால் யாரும் ஆயில் கேனைத் தொட மாட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னபோது மாமா ஒரு கேள்வி கேட்டார். "பங்க்ல ஒழுங்கான டீசல்தான் போடுறான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. மானிய விலை மண்ணெண்ணெயை டீசலில் கலந்து விற்ற காலம் ஒன்று இருந்தது. உத்தரப்பிரதேசத்தில் கலப்படம் செய்த ஒரு பங்க்கை மூடி சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. பாட்டில் விற்பவன் உண்மையில் விற்பது இந்தப் பயத்துக்கு ஒரு ஆறுதலைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கலப்பட டீசலை ஒரு பாட்டில் நல்ல டீசலாக மாற்றாது. சந்தேகம் வந்தால் பங்க்கிலேயே அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லிக் கேட்கலாம், அது வாடிக்கையாளரின் உரிமை. பதிவேட்டில் உள்ள எண்ணோடு 3க்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. "கேட்டா அடிக்க வருவானே" என்றார் மாமா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்த எட்டு டேங்க்குக்கு ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். நாலு பாட்டிலோடு, நாலு பாட்டில் இல்லாமல், அதே ரூட், டேங்க்கை எப்போதும் வழிய வழிய நிரப்பி. போன வாரம் போனில் எண்களைப் படித்தார். பாட்டிலோடு 12.6 முதல் 13.4 வரை. இல்லாமல் 12.7 முதல் 13.5 வரை. எட்டு டேங்க்கை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது, தெரியும். ஆனால் 8 சதவீதம் வந்திருந்தால் இதில் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும். "சத்தம் மட்டும் கம்மியாத்தான் இருக்கு மாப்ள" என்றார். இருக்கலாம். சீட்டேன் கூடினால் அந்த டக்-டக் குறையும். அதற்கு 350 ரூபாய் தரலாமா என்பது அவர் இஷ்டம்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் இன்னொன்று செய்தோம். டேஷ்போர்டில் ஃபில்டர் படம் போட்ட ஒரு விளக்கு அவ்வப்போது எரிந்து அணையுமாம், அவர் கண்டுகொள்வதே இல்லை. டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதை லேசாகத் தளர்த்தி, ஒரு பழைய கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். ஐந்து நிமிஷம் வைத்தோம். டம்ளரின் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர், மேலே டீசல். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்கிற பம்ப்புக்குள் போக வரிசையில் நின்ற தண்ணீர் அது. மாமா டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சீட்டுக்கு அடியில் மிச்சமிருந்த இரண்டு பாட்டிலை எடுத்து, "கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா மாப்ள?" என்று கேட்டார்.