எழுவானும் படுவானும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் ஞாயிற்றைக் கொண்டே பெயரிட்டனர். கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. அவன் மறையும் பக்கம் படுவான்கரை. அந்த ஞாயிறே ஒரு நாள் சீறினால் மின்சாரத்தை நம்பி நிற்கும் இன்றைய நாகரிகம் என்னாகும் என்று உலகத்து விஞ்ஞானிகள் கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றனர். அக்கேள்விக்கு ஓரளவேனும் விடை கூறத்தக்கவர்கள் படுவான்கரையில் உள்ளனர் என்பதை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஞாயிற்றுப் புயல் என்பது காற்றாலும் மழையாலும் ஆனதன்று. 1978 நவம்பர் 23 இரவு நம் கூரைகளையும் தென்னைகளையும் வாரிச் சென்ற சூறாவளியை அறிந்தோர்க்கு இது புதுமையாகவே தோன்றும். சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் கோடிக்கணக்கான தொன் எடையில் வீசப்படுகின்றன. அவை பூமியின் காந்தப் புலத்தை உலுக்கும்போது நீண்ட கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் பிறக்கிறது. அது மின்மாற்றிகளுட் புகுந்து அவற்றைக் காய்ச்சிக் கெடுக்கிறது. 1859 செப்டெம்பரில் வந்த பெரும் புயலிலே தந்திக் கம்பிகள் பொறி கக்கின. பம்பாயிலுள்ள கொலாபா ஆய்வுக்கூடத்துக் கருவியும் அந்த அதிர்வைப் பதிவு செய்தது. அன்று உலகம் இழந்தவை சில தந்திச் செய்திகளே. 1989 மார்ச் 13ஆம் நாள் அதனினும் சிறியதொரு புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்து மின்னமைப்பை ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் வீழ்த்திற்று. 60 இலட்சம் மக்கள் 9 மணி நேரம் இருளிலிருந்தனர்.

காந்த நடுக்கோட்டுக்கு அணித்தாயுள்ள இலங்கைக்குத் துருவத்தை அடுத்த நாடுகளுக்கு நேருமளவு கடுமையான அடி விழாது எனலாம். ஆயினும் இதில் ஆறுதல் கொள்வதற்கு அதிகம் இல்லை. பெரிய மின்மாற்றி ஒன்றைச் செய்து முடிக்க ஓராண்டும் அதற்கு மேலும் ஆகிறது. செல்வ நாடுகளில் அவை நூற்றுக்கணக்கில் பழுதானால், வரிசையில் நமது இடம் எங்கே? எரிபொருட் கப்பலும் மருந்துப் பெட்டியும் எப்போது வந்து சேரும்? இந்தியா 2023 செப்டெம்பர் 2இல் ஏவிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நின்று சூரியனை நோக்கிக்கொண்டிருக்கிறது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையிற் பிறந்த நிகார் ஷாஜி என்பதில் தமிழர் பெருமை கொள்ளலாம். எனினும், புயல் அந்த இடத்தைக் கடந்து பூமியைத் தொட ஒரு மணி நேரமும் ஆகாமற் போகலாம்.

ஞாயிற்றுப் புயலோடு போரும் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது? இது கற்பனையன்று. 1967 மே 23இல் சூரியனிலிருந்து வந்த கதிர்வீச்சு அமெரிக்காவின் ரேடார் நிலையங்களைக் குழப்பியபோது, சோவியத் நாட்டின் சூழ்ச்சி என்றெண்ணி விமானங்களை ஆயத்தப்படுத்தினர்; சூரியனைக் கவனித்துவந்த சிலர் உரிய வேளையில் உண்மையைச் சொன்னமையால் விபரீதம் தவிர்ந்தது. 1972 ஆகஸ்ட் 4இல் வட வியட்நாம் கடலில் அமெரிக்கர் இட்டிருந்த காந்தக் கண்ணிகள் ஞாயிற்றுப் புயலால் தாமாகவே வெடித்தன. உக்ரேனிலோ 2022 முதல் மின்நிலையங்களே குறிவைத்துத் தாக்கப்படுகின்றன. புயல் கம்பியை அறுக்கும். போர் அதனை முடிய வருபவனையும் தடுத்துவிடும். நீண்ட போரின் கொடுமை இதுவே என்பது எமது கருத்து.

1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட நமது வாவியை எல்லைக்கோடாக்கிற்று. எழுவான்கரை படையினரிடமும் படுவான்கரை விடுதலைப் புலிகளிடமும் இருந்தன. இந்நிலை 2007 வரை பெரும்பாலும் நீடித்தது. மண்ணெண்ணெய், பற்றரி, உரம் ஆகியன தடைக்கும் அளவுக்கும் உட்பட்டே அக்கரை சென்றன. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் குப்பி விளக்கின் கீழ் எழுத்தறிந்தனர். யாழ்ப்பாணத்தார் ஜாம் போத்தலில் விளக்கேற்றியதும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் இத்தகையனவே. எருமை கட்டிச் சூடு மிதித்தலை மறவாதிருந்த முதியவரும், விஷகடிக்கு மருந்தறிந்த பரியாரியாரும் அந்நாளில் மீண்டும் வேண்டப்பட்டனர். அண்ணாவிமார் கூத்துப் பழக்குவதையும் கைவிடவில்லை.

அந்த வாழ்வைப் புகழ்வது எம் நோக்கமன்று. அது வலிந்து சுமத்தப்பட்ட வறுமை. மேலும், படுவான்கரை தாங்கி நின்றது தன் வலிமையால் மட்டுமன்று. எதிரே ஒரு கரை இருந்தமையாலும் ஆகும். வாவியைக் கடக்கும் மிதவைப் படகை இங்குள்ளோர் ‘பாதை’ என்பர். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கும், அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்கும் அந்தப் பாதையேறி, சோதனைச் சாவடியில் நின்று, நகரத்து ஆஸ்பத்திரியை அடைந்தவர் பிழைத்தனர். ஞாயிற்றுப் புயல் உலகமெங்கும் மின்சாரத்தை அணைக்குமானால், நாம் ஏறிச் செல்லும் பாதை எந்தக் கரைக்குப் போகும்?

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. மின்கம்பியும் கைத்தொலைபேசியும் கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலும் சென்றுள்ளன. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இருளில் வாழ அறிந்தோர் இன்று முதுமையை எய்திவிட்டனர். அவர்கள் அறிந்தது எந்த நூலிலும் முழுமையாக இல்லை. நமது நூல்களின் நிலையையும் எண்ண வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட இனம், இன்று தன் ஏடுகளை எண்ணிம வடிவிற் காத்து வருகிறது. 2005 முதல் நூலகத் திட்டத்தார் ஆற்றிவரும் அப்பணி போற்றத்தக்கது. எனினும் அதனைத் திறக்க மின்சாரம் வேண்டுமன்றோ? கண்ணகி வழக்குரையை இப்பகுதிக் கோயில்களில் வைகாசிதோறும் பாடிக் காத்தவர்களுக்கு ஓலையும் நாவும் விளக்கும் போதியனவாயிருந்தன.

அரசினர் செய்ய வேண்டியன உண்டு: மேலதிக மின்மாற்றிகள், ஆஸ்பத்திரிகளுக்குத் தனி மின்வசதி, எச்சரிக்கை கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தில் எந்தக் கம்பியை நிறுத்துவது என்ற முன்தீர்மானம். அவற்றைப் பொறியியலாளர் வற்புறுத்துவர். எமது வேண்டுகோள் ஆசிரியர்களுக்கும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்க்கும் இலக்கிய வட்டத்தினர்க்குமே. வரும் விடுமுறையில் படுவான்கரை ஊர்களுக்குச் செல்லுங்கள். விதைநெல்லை எவ்வாறு காத்தனர், கிணற்று நீரை எவ்வாறு தூய்மை செய்தனர், பிரசவம் பார்த்த மருத்துவிச்சி இராப்பொழுதில் என்ன செய்தாள், எவற்றுக்கு வழியே இல்லாமற் போயிற்று என்பனவற்றை அவரவர் வாய்மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் ஏற்றுவது நன்று. கடதாசியில் அச்சிட்ட ஒரு படி ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் இருக்கட்டும்.