வெள்ளை அங்கி

காவியைக் கண்டால் கை கூப்புவதும் வெள்ளை அங்கியைக் கண்டால் தலை வணங்குவதும் நம் ஜனங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். காவியைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இன்று வெள்ளையைப் பற்றிப் பேசுகிறேன். பூசை வைக்கும் கத்தோலிக்கக் குருவின் வெள்ளை அங்கி, அவருடைய ஆத்ம பரிசுத்தத்துக்கு அடையாளம் என்கிறார்களே, அதை நான் மறுக்கிறேன். மறுப்பதற்கு வேண்டிய சாட்சிகளும் அந்தத் திருச்சபைக்குள்ளேயே இருக்கிறார்கள்.

அந்த உடுப்புக்கு 'ஆல்பா' என்று பெயர். லத்தீனில் வெள்ளை என்று அர்த்தம், அவ்வளவுதான். பழைய ரோமாபுரியில் சாதாரண ஜனங்கள் உடுத்திய நீளச் சட்டை அது. அதற்கு மேலே தரிக்கும் பூசை அங்கியோ, மழைக்கும் குளிருக்கும் வழிப்போக்கர்கள் போர்த்திக்கொண்டது. ஊராரின் உடை காலத்தோடு மாறிற்று. குருமார் பழசை விடவில்லை. நாளடைவில் பழசே புனிதமாயிற்று. தவிரவும், ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் அந்தக் காலத்தில் வெள்ளாடைதான் உடுத்தினார்கள். வெள்ளை குருவின் தனிச் சொத்தல்ல.

428-ஆம் ஆண்டில் முதலாம் செலஸ்டின் என்ற போப்பாண்டவர், இன்றைய பிரான்சின் தென்பகுதியிலிருந்த மேற்றிராணியார்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர்களில் சிலர் போர்வையும் இடைக்கச்சையுமாகத் தனிக் கோலம் பூண ஆரம்பித்திருந்தார்கள். குருமார் ஜனங்களிடமிருந்து வேறுபட்டுத் தெரியவேண்டியது போதனையாலும் நடத்தையாலும் மனச்சுத்தத்தாலுமே தவிர உடுப்பால் அல்ல என்று அவர் கண்டித்தார். இதையே நான் சொன்னால் நாஸ்திகன் என்பீர்கள். போப்பாண்டவரை என்ன சொல்வீர்கள்?

"உடுப்பு ஒரு ஞாபகக் குறிதானே, அதில் என்ன குற்றம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் யாருக்கு ஞாபகக் குறி? குரு அந்த அங்கியை உடுத்தும்போது சொல்லுவதற்கென்று ஒரு பழைய ஜெபம் உண்டு. இப்போது அது கட்டாயமில்லை. என் நெஞ்சைக் கழுவி வெண்மையாக்கு என்று ஆண்டவனிடம் கெஞ்சுகிற ஜெபம் அது. நான் வெள்ளையாயிருக்கிறேன் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆக, அந்த அங்கி ஒரு விண்ணப்பம். நாமோ அதை நற்சாட்சிப் பத்திரமாக வாசித்துவிட்டோம்.

வாசித்ததன் பலன் என்ன? 1415 ஜூலை 6-ஆம் தேதி, கான்ஸ்டன்ஸ் நகரத்துப் பேராலயத்தில் யான் ஹுஸ் என்ற குருவை நிறுத்தினார்கள். பூசை உடுப்புகளை எல்லாம் முதலில் உடுத்தி, பிறகு சாபம் சொல்லி ஒவ்வொன்றாக உரிந்தார்கள். பிசாசுப் படம் எழுதிய காகிதக் குல்லாயைத் தலையில் வைத்து, அன்றைக்கே உயிரோடு கொளுத்தினார்கள். அவர் செய்த குற்றம், மேலிடத்துக்குப் பிடிக்காததைப் போதித்தது.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 2018-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கிராண்ட் ஜூரி அறிக்கை வெளியாயிற்று. ஆறு மறைமாவட்டங்களில், சுமார் 70 வருஷ காலத்தில், 300-க்கு மேற்பட்ட குருமார் 1,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கெடுத்ததாக அது சொல்லிற்று. மேலிடத்தார் அதை மூடி மறைத்தார்கள். சிலரை வேறு பங்குக்கு மாற்றி அனுப்பினார்கள். போதித்தவனிடமிருந்து அங்கியை உரியத் தெரிந்த கைகளுக்கு, குழந்தைகளைக் கெடுத்தவனிடமிருந்து அதை உரியத் தெரியவில்லை! அந்தச் சிறுவர்கள் வாய் திறந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? எதிரே வெள்ளை அங்கி அல்லவா நின்றது!

எத்தனையோ நல்ல குருமார் இருக்கிறார்கள். அவர்களுடைய நன்மைக்கும் அந்தத் துணி காரணமல்ல. அங்கியை எரித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உடுத்துகிறவர் விரும்பினால் உடுத்தட்டும், கெஞ்சட்டும். ஆனால் ஒரு குழந்தை அழுதுகொண்டு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தால், அங்கியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.