பழைய சாவியும் புதிய பூட்டும்



நம்மில் பலருடைய கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தியது. பில் வருகிறது, இருப்பு தெரிகிறது. ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம். இந்தச் சிக்கனம் வணிகர்க்குக் குறையல்ல. ஆனால் அதே கம்ப்யூட்டரில் மின்னஞ்சலையும் பார்க்க முற்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போன்ற பழைய மென்பொருள்கள், பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தாலும் மீண்டும் மீண்டும் அதையே கேட்கின்றன. அல்லது இணைப்பு கிடைக்கவில்லை என்கின்றன. பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. மாறியிருப்பது அஞ்சலைப் பெற்றுத் தரும் சர்வர்.

மாற்றங்கள் இரண்டு. வழியில் யாரும் படிக்காதபடி அஞ்சலைப் பூட்டி அனுப்பும் டி.எல்.எஸ். முறையின் முதல் பதிப்பு 1999இல் வகுக்கப்பட்டது. அதுவும் அடுத்த பதிப்பும் 2021 மார்ச்சில் கைவிடப்பட்டன. பழைய மென்பொருளுக்கு அந்தப் பழைய பூட்டுதான் தெரியும். அடுத்தது, பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து உள்ளே நுழையும் வழக்கம். தனிநபர் கணக்குகளுக்கு இதை கூகுள் 2022 மே 30இல் நிறுத்தியது. மைக்ரோசாப்ட், நிறுவனக் கணக்குகளுக்கு 2022 அக்டோபர் முதலும், தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரிலும் நிறுத்தியது.

நம்மைப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வைக்கும் தந்திரம் இது என்று சொல்வோர் உண்டு. செலவு வருவது உண்மை. ஆனால் காரணமும் உண்மை. நமது பாஸ்வேர்டு ஒரு மோசடிக்காரன் கையில் சிக்கினால், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்" என்று நமது முகவரியிலிருந்தே நமது வாடிக்கையாளருக்கு எழுதிவிடுவான். எடைக்கும் தராசுக்கும் உரிய காலத்தில் முத்திரை வாங்குகிறோம். மின்னஞ்சலுக்கு மட்டும் அந்தக் கவனம் வேண்டாமா?

அஞ்சல் வராமல் போனால் ஏற்படும் நட்டமும் சிறிதல்ல. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169ஆம் பிரிவு, பதிவில் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதையும் நோட்டீசைச் சேர்ப்பிக்கும் முறையான வழியாக ஏற்கிறது. உத்தரவு கிடைத்ததிலிருந்து மேல்முறையீட்டுக்கு உள்ள காலம் மூன்று மாதம். "எங்கள் கம்ப்யூட்டர் பழையது, அஞ்சல் வரவில்லை" என்பது அதிகாரியிடம் எடுபடும் என்று நம்பியிருக்க முடியாது.

எனவே செய்ய வேண்டியவை இவை. முதலில், பழைய அஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள். பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் அஞ்சலைச் சர்வரிலிருந்து எடுத்து நமது கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளும். சர்வரில் பிரதி இருக்காது. பழுது பார்ப்பவர் அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் கொள்முதல் ஆர்டரும் இன்வாய்சும் போய்விடும். ஜி.எஸ்.டி. கணக்குகளையும் ஆவணங்களையுமோ, ஆண்டுக் கணக்கறிக்கைக்கு உரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்த பிறகே கை வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பில் போடுவதற்குப் பழைய கம்ப்யூட்டர் இருக்கட்டும். அதை இன்டர்நெட்டிலிருந்து பிரித்துவிடுவது நல்லது. அஞ்சலைப் புதிய செல்போனிலோ வேறொரு புதிய கம்ப்யூட்டரிலோ பாருங்கள். தண்டர்பேர்டு போன்ற இலவச மென்பொருள்களும் உண்டு. பாதுகாப்பைக் குறைத்துப் பழையதையே ஓட்டித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

மூன்றாவதாக, ஜி.எஸ்.டி. பதிவில் இருப்பது யாருடைய மின்னஞ்சல் என்று பாருங்கள். அது நீங்களே தினமும் திறந்து பார்க்கும் முகவரியாக இருக்கட்டும்.

சிறு கடைக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆள் தேடி அலைவது சிரமம். நமது சங்கக் கிளைகள் நம்பகமான ஒரு கம்ப்யூட்டர் நிபுணரை அமர்த்தி, கடைவீதி வாரியாக ஒரு நாள் முகாம் நடத்தினால் செலவும் குறையும், ஏமாற்றும் குறையும். அடுத்த கிளைக் கூட்டங்களிலேயே இதை எடுத்துப் பேசுவோம்.