துருக்கியரின் "ஆம்"

துருக்கி மொழி என்றதும், "அது நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு அதன் இலக்கணம் பாதி தெரிந்த மாதிரிதான். நாரில் பூக்களைத் தொடுப்பதுபோல், சொல்லின் வாலிலே விகுதிகளைத் தொடுத்துக் கொண்டே போகிறார்கள்.

'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' வீடுகள். 'எவ்லெரிம்' என் வீடுகள். 'எவ்லெரிம்தெ' என் வீடுகளில். நாமும் 'கள்', 'இல்' என்று சேர்க்கிறவர்கள்தானே? 'என்' என்பதை மட்டும் நாம் முன்னால் வைக்கிறோம். அவர்கள் அதையும் பின்னால் ஒட்டி விடுகிறார்கள்.

அங்கே உயிரெழுத்துக்கள் 8. விகுதியின் உயிர், சொல்லின் உயிரோடு இசைய வேண்டும். தாய் 'அன்னெ', தாய்மார் 'அன்னெலெர்'. தகப்பன் 'பாபா'; தகப்பன்மார் 'பாபாலார்'. புடவைக்கு ஏற்ற ரவிக்கை மாதிரி! 'அன்னெ' என்றதும் உறவு கொண்டாடி விடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு மொழிக் குடும்பங்கள்.

இனி வினைச்சொல். 'கெலியோர்' வருகிறான், 'கெலெஜெக்' வருவான். வருவது அவள் என்றாலும் அதே சொல்தான். ஆண், பெண் பேதமே கிடையாது!

சூட்சுமம் இறந்த காலத்தில்தான் இருக்கிறது. 'கெல்தி' என்றால் வந்தான்; சொல்பவர் கண்ணால் கண்டது, அல்லது ஐயமறத் தெரிந்தது. 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். பிறர் சொல்லக் கேட்டது. காலையில் வாசல் ஈரத்தைப் பார்த்து, இரவு மழை பெய்திருக்கிறது என்று ஊகித்தாலும் இந்த 'மிஷ்' விகுதிதான் வரும். 11-ஆம் நூற்றாண்டிலேயே மஹ்மூத் அல்-காஷ்கரி என்ற அறிஞர், தமது துருக்கி மொழி அகராதியில் இந்த வேற்றுமையை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

நம்மிடமும் 'ஆம்' இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டால் இலக்கணம் நம்மைத் தடுப்பதில்லை. துருக்கியரோ ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். "அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்று விட்டதாம்" என்று முதல் வீட்டில் புறப்படும் பேச்சு, நான்காவது வீட்டுக்குப் போவதற்குள், "நின்று விட்டது" என்று ஆகிவிடுகிறதல்லவா? இரண்டெழுத்து உதிர்ந்ததில் ஒரு குடும்பத்தின் மானமே போகிறது!

துருக்கி மொழி கற்க நேரமில்லாவிட்டால் பாதகமில்லை. ஒரு செய்தியை அடுத்தவர் காதில் போடுமுன், கண்டதா, கேட்டதா என்று ஒரு நொடி யோசியுங்கள். கேட்டதானால், அந்த 'ஆம்' என்பதைப் பத்திரமாகச் சேர்த்தே கொடுங்கள்.