புயலுக்கு முன் ஜன்னலைப் பாருங்கள்

குளிர்நாடுகளில் ஜன்னல் இடுக்கைக் குளிருக்காக அடைப்பார்கள். குயிலாப்பாளையத்தில் சாரலுக்காக அடைக்க வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகக் காற்று, எதிர்ப்படும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 38 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். அதுவே மழைநீரை இடுக்கு வழியே உள்ளே தள்ளுகிறது.

இதற்குப் புது ஜன்னல் தேவையில்லை என்பதே என் கருத்து. ஐப்பசிக்கு முன், காற்று வீசும் நாளில், ஜன்னலை மூடி ஓரங்களில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை வளையும் இடத்தில் இடுக்கு உண்டு. பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி, அங்கே சிறு ஆணிகளால் அடித்துவிடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: விறகடுப்போ கரியடுப்போ எரியும் அறையை முழுவதும் அடைக்கலாகாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.