களவெடுத்த ஆடும் கடலட்டையும்

"தீனி போடுறதில்லை, மருந்து போடுறதில்லை. அட்டை மண்ணைத் தின்று வளருது. இதைவிடச் சேதனமான பண்ணை உலகத்தில எங்க இருக்கு சேர்?" கடலட்டைப் பண்ணைக்காரர் ஒருவர் போன தவணை எங்கள் பாடசாலைக்கு வந்து இப்படிக் கேட்டார். அன்று எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. வெள்ளை அட்டை கடலடி மண்ணை விழுங்கி, அதிலுள்ள உக்கலைச் சத்தாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிக்கும் பிராணிதான். இறால் குளத்தைப் போல தீனி மூட்டைகள் வேண்டாம். ஆனால் இடம் வேண்டும். கடற்புல் முளைத்த, ஆழமில்லாத கரைக்கடல் வேண்டும். தீவகத்தில் அந்த இடம் சும்மாவா கிடந்தது?

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுக் கரைகளில் சிறகுவலை கட்டியவர்கள், வீச்சுவலை எறிந்தவர்கள், வற்றில் நண்டும் மட்டியும் பொறுக்கிய பெண்கள் — என்ஜின் வாங்க வக்கில்லாதவர்களின் கடல் அது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் ஒதுங்கி வளர்வதும் அந்தப் புல்லில்தான். அங்கே கம்பு நட்டு, சிறுகண் வலை சுற்றி, காவற்கொட்டில் போட்டு, இரவிரவாக லைட் எரித்தால் மீன் எந்த வழியால் கரைக்கு வரும்? வள்ளம் எந்த வழியால் போகும்?

என் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "அப்பா இப்ப காவலுக்குப் போறார் சேர்." முன்பு அப்பா சிறகுவலை கட்டிய இடத்தில்தான் காவல். மாதம் முடியச் சம்பளம் வருகிறது, மறுக்கவில்லை. கறிக்கு மீன் மட்டும் கடையில் வாங்குகிறார்கள். அட்டையை இங்கே யார் தின்கிறார்கள்? அது காய்ந்து சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் போகிறது.

முத்திரை என்றால் என்னவென்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2013இல் ஹலால் முத்திரையை வைத்து நாம் பட்ட பாடு கொஞ்சமா? களவெடுத்த ஆட்டைக் கிப்லாவுக்கு நேரே கிடத்தி, பிஸ்மி சொல்லி, கூரான கத்தியால் அறுத்துவிட்டால் அதை மனச்சாட்சியோடு தின்ன முடியுமா? அறுத்த முறையைக் கேட்பவன் ஆடு யாருடையது என்றும் கேட்க வேண்டும். பண்ணைக்காரர் தீனியோடும் மருந்தோடும் கேள்வியை நிறுத்திக்கொள்கிறார்.

ஈக்குவடோரிலும் இதுதான் நடந்தது. கண்டல் காடு இருந்த இடத்தில் வெட்டிய இறால் குளங்களுக்கு ஜெர்மனியின் நாச்சூர்லாண்ட் சேதன முத்திரை கிடைத்தது. காட்டில் ஒரு பங்கைத் திரும்ப நட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கண்டலில் சிப்பியும் நண்டும் பொறுக்கியவர்களுக்கு வேலிக்குள் போன காட்டை எந்த நிபந்தனை திருப்பித் தந்தது?

சேதனம் என்ற சொல்லை வைத்து 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்து கமக்காரனின் வயிற்றில் அடித்த நாடு இது. அடுத்த ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்புக் கடல்களில் 5,000 ஏக்கரில் அட்டை வளர்க்க அமைச்சரவை அனுமதித்தது. அதற்கு முன், கௌதாரிமுனையில் சீனக் கம்பனி பண்ணை போட்டபோது எல்லோரும் சீனன் வருகிறான் என்று கத்தினார்கள். கம்பு நடுகிறவன் உள்ளூரானாக இருந்தால் வள்ளத்துக்கு வழி திறந்துவிடுமா என்ன?

பண்ணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுமதி கொடுக்குமுன் கரைக்கடலின் வரைபடத்தை மீனவர் சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டுங்கள். சிறகுவலை கட்டும் இடம், வள்ளப் பாதை, பெண்கள் மட்டி பொறுக்கும் வற்று, கடற்புல் எல்லாவற்றையும் அந்த ஊர்ச் சனமே முதலில் குறிக்கட்டும். அதற்குப் பிறகு அட்டைக்கு இடம் மிஞ்சினால் பேசலாம்.